பேராண்டி, முதல்ல வடத்தைப் புடி!

இந்து மதம்னா என்னன்னு ஒரே பக்கத்துல எழுதி அனுப்பு தாத்தான்னு பாரிஸ்லேர்ந்து கேட்டிருக்கே. யாரு ஆரம்பிச்சது, எந்த வருஷம், எது புஸ்தகம்னு மூணு கட்டம் வேற போட்டிருக்கே. எழுதிக்க பேராண்டி. ஆரம்பிச்ச ஆளு: இல்லை. வருஷம்: இல்லை. புஸ்தகம்: ஒண்ணா ரெண்டா, எதைன்னு சொல்றது? அதைப் படிக்காதவன்தான் கோயில்ல முன்வரிசையில நிக்கறான்.

படிச்சுப் புரிஞ்சுக்கற சமாச்சாரம் இல்லடா இது. காலால நடந்து, கையால செஞ்சு, வாயால தின்னு புரிஞ்சுக்கணும். உங்க முப்பாட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக் கப்பலேறிப் போனாரே, அவருக்கு ஒரு சுலோகமும் தெரியாது. ஆனா கப்பலேறறதுக்கு முன்னாடி மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைக்காம போகலே.

நீயும் அங்கேர்ந்தே ஆரம்பி. புதுச்சேரிக் கடற்கரைக்குப் பக்கத்துல, வெள்ளைக்காரத் தெருவுக்கு நடுவுல உக்காந்திருக்காரு. மணலும் குளமுமா இருந்த இடம், அதனால மணக்குளம். பிரெஞ்சுக்காரன் அவரைத் தூக்கிக் கடல்ல போட்டான், போட்டவன் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இவரு திரும்ப வந்து உக்காந்துட்டாருன்னு ஊர்ல ஒரு கதை. நிஜமான்னு கேக்காதே. நம்ம ஊர்ல கொஞ்ச காலம் இருந்தவனுக்கு இது ஆச்சரியமாப் படாது. பாரதியார் 1908-ல இருந்து பத்து வருஷம் இங்க இருந்தப்ப, விநாயகர் நான்மணிமாலைன்னு ஒண்ணு இவரு மேலதான் பாடினாரு. வாசல்ல லட்சுமின்னு ஒரு யானை இருந்துச்சு. காசு குடுத்தாலும் ஆசீர்வாதம், வாழைப்பழம் குடுத்தாலும் ஆசீர்வாதம், படிச்சவன் படிக்காதவன்னு பாக்காது. 2022 நவம்பர் 30 அன்னிக்குக் காலையில நடந்து போறப்பவே விழுந்து செத்துப்போச்சு. ஊரே அழுதுச்சு. வேதாந்தம் பேசறவனும் அழுதான்.

பிள்ளையாருக்கு முன்னாடி தலையில குட்டிக்க, காதைப் புடிச்சுத் தோப்புக்கரணம் போடு. ஜிம்முக்குப் பணம் கட்டறியே, இது இலவசம். அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம், கோத்திரம் கேப்பாங்க. கோத்திரம் தெரியலேன்னா முழிக்காதே, சிவகோத்திரம்னு குருக்களே போட்டுப்பாரு. ஒண்ணும் கேக்கத் தோணலேன்னா சாமி பேருக்கேன்னு சொல்லிடு. அவருக்கும் யாராவது வேண்டிக்க வேணாமா?

சிவன் கோயிலுக்குப் போனா நந்திக்கும் சாமிக்கும் குறுக்கே போகாதே. திருநீறு வாங்கினா கீழே சிந்தாதே, தூண்ல தடவாதே. உட்பிராகாரத்துல சண்டிகேசுவரர் இருப்பாரு. உன் சொத்துல ஒண்ணும் எடுத்துக்கிட்டுப் போகலேன்னு அவருகிட்ட ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டணும். சில பேரு தட்டியே காட்டுவாங்க. கோயில் நெலத்தை மடக்கிப் போட்டவன் கொஞ்சம் சத்தமாவே தட்டுவான், கவனிச்சுப் பாரு. காந்தி வீதியில வரதராஜப் பெருமாள்கிட்ட போனா தீர்த்தம், துளசி, தலைக்குச் சடாரி. தலை குனிஞ்சாத்தான் சடாரி. போனைத் தூக்கிப் புடிச்சு நிக்கறவன் தலைக்கு அது எட்டாது.

அம்மன் கோயில் சட்டம் வேற. ஆடி மாசம் கூழ், வேப்பிலை, தீமிதி. இந்துன்னா சைவச் சாப்பாடுன்னு உங்க ஊர்ப் புஸ்தகத்துல போட்டிருப்பான். அதை நம்ம குலதெய்வத்துக்கிட்ட படிச்சுக் காட்டிட்டு, உசுரோட திரும்பி வா பாப்போம். கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊத்தறவனும் இந்து, பூண்டு வாசத்துக்கே மூக்கைப் புடிக்கறவனும் இந்து. ரெண்டு பேரும் தான் செய்யறதுதான் சரின்னு சாதிப்பாங்க. நீ ரெண்டு வீட்லயும் சாப்பிட்டுட்டு வாயை மூடிக்கிட்டு வா.

இந்தக் கோயிலுங்க சும்மா நிலைச்சதுன்னு நினைக்காதே. பிரெஞ்சு கவர்னர் பிரான்சுவா மர்த்தேன் காலத்துலேயே பாதிரிமாருங்க கோயிலை மூடுன்னு நச்சரிச்சாங்க. மூடினா ஊரை விட்டுப் போறோம்னு தறிக்காரங்க சொன்னாங்க. துணி இல்லாம கம்பெனி எதை விக்கும்? கவர்னருக்கு உடனே ஞானம் வந்துடுச்சு. ஆனா 1748 செப்டம்பர்ல ஆங்கிலேயன் ஊரை முற்றுகை போட்டப்ப, அந்தக் களேபரத்துல கவர்னர் தூப்ளேயோட ஆட்சி வேதபுரீசுவரர் கோயிலை இடிச்சே போட்டுச்சு. அவரோட துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளை மனசு நொந்து நாட்குறிப்புல எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. எதிர்த்து நின்னாரான்னு கேக்கறியா? சம்பளம் வாங்கற இடத்துல எழுதத்தான் முடியும் பேராண்டி. இன்னிக்கும் அப்படித்தான். 1761-ல ஆங்கிலேயன் வந்து ஊரையே தரைமட்டமாக்கினான். இடிச்சவன் கோட்டையும் போச்சு, பக்கத்துல இருந்த மாதாகோயிலும் போச்சு. பின்னால வேதபுரீசுவரருக்கு வேற தெருவுல கோயில் எழும்பிச்சு, மாதாவுக்கும் சம்பா கோயில் எழும்பிச்சு. இப்ப வில்லியனூர் லூர்து மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தற கூட்டத்துல திருநீறு பூசின நெத்தியைத் தேடவே வேணாம். சண்டை போட்டதெல்லாம் துரைமாரு, கும்பிட்டதெல்லாம் நம்ம சனம்.

அதைவிட வேடிக்கை கேளு. கோயிலை இடிச்ச அதே ஆட்சியோட கவர்னருங்க, பின்னால தேர் வடம் புடிக்க வந்தாங்க. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித்தேரை பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் தொட்டு இழுத்து வைப்பாரு. 1954 நவம்பர் 1-ல கொடி மாறிச்சு, வடம் மாறலே. இன்னிக்குத் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அதே வடத்தைப் புடிக்கறாங்க. வருஷத்துல ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஒரே பக்கமா இழுக்கறாங்களே, அந்த அம்மன் சக்தி வாய்ந்தவ இல்லையா?

மாசி மகத்துக்கு வந்தா வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போ. மயிலம் முருகன் மொதக்கொண்டு ஊர் ஊரா இருந்து சாமிங்க கடலாட வந்து நிக்கும். நாம சாமியைத் தேடிப் போவோம், அன்னிக்குச் சாமிங்களே மீனவர் தெருவுக்கு வரும்.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு, குறையே இல்லையா தாத்தான்னு நீ கேப்பே. இருக்குடா. சாமிக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு மைக்குல சொல்லுவாங்க. பரிவட்டம் யாருக்கு முதல்லன்னு கேட்டுப் பாரு, மைக்கையே புடுங்கி அடிச்சுக்குவாங்க. தேர் இந்தத் தெருவுக்கு வரும், அந்தத் தெருவுக்கு வராதுன்னு சொன்ன ஊருங்களும் நம்ம பக்கம் உண்டு. அதைச் சாமி மேல போடாதே. தேருக்குத் தானா நகரத் தெரியாது. இழுக்கறவன் புத்தி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போகும்.

அதனால என் தீர்ப்பு இதுதான்: வடத்துல எத்தனை கை சேருதோ அத்தனைதான் நம்ம மதம். ஒரு கையைத் தள்ளிவிட்டா அந்த அளவுக்கு அது இளைச்சுப் போச்சு. மத்ததெல்லாம் பண்டிதனுங்க சண்டை போட்டுக்கட்டும், அவங்களுக்கும் பொழுது போகணுமில்ல.

ஆடி மாசம் உங்க ஊர்ல கோடை லீவுதானே? வீராம்பட்டினம் தேருக்கு டிக்கெட் போடு. செருப்பைக் கழட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டு, பக்கத்துல நிக்கறவன் யாருன்னு கேக்காம வடத்தைப் புடி. கை காய்ச்சுப் போனதுக்கு அப்பறமும் சந்தேகம் மிச்சம் இருந்தா, அப்ப என்னைக் கேளு.