தனி அலுவலர் காலம்

எங்கள் ஊராட்சி மன்றக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பலகை தெரியும். நீலத்தில் வெள்ளை எழுத்து. இதுவரை தலைவராக இருந்தவர்களின் பெயரும் பதவியேற்ற ஆண்டும் அதில் இருக்கின்றன. 1970இல் ஜெயித்த பெரியவருக்குக் கீழே அடுத்த பெயர் 1986. அதற்குக் கீழே 1996. அப்புறம் 2001, 2006, 2011 என்று ஒழுங்காக ஐந்தைந்து ஆண்டு. மறுபடியும் ஒரு தாண்டல், 2020. பெயிண்டர் நடுவில் இடம் விடவில்லை. ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை நெருக்கி எழுதிவிட்டார். ஆண்டைக் கழித்துப் பார்க்கிறவருக்குத்தான் பெயரில்லாத காலம் எவ்வளவு என்பது புரியும்.

எங்களுடையது சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்ப் பாசன ஊர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது ராமநாதபுரம் மாவட்டம். அப்போது எங்களுக்கு அரசாங்கம் என்றால் கணக்கப்பிள்ளை வீட்டுத் திண்ணை. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அவர் வீட்டு மரப்பெட்டிக்குள் இருந்தன. அவருடைய அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த வேலை, அவரிடமிருந்து மகனுக்குப் போக இருந்த வேலை. என் அப்பாவைவிட வயதில் இளையவர் அவர். ஆனாலும் "வாப்பா, என்ன சேதி?" என்பார். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "ஐயா" என்பார். எந்தப் புல எண்ணில் யார் பயிர் செய்கிறார் என்று அவர் எழுதியதுதான் எழுத்து. அந்த எழுத்தைப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. அவருக்கு ஊரின் ஒவ்வொரு வரப்பும் மனப்பாடம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நான்கெல்லை சொல்வார்.

1980 நவம்பர் 14இல் அது ஒரே நாளில் முடிந்தது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. கணக்கப்பிள்ளை, மணியக்காரர் இருவர் வீட்டிலிருந்தும் வருவாய்த் துறை ஆட்கள் பதிவேடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பானது. அப்பா அன்றைக்குத் தெருவில் நின்று அந்தக் கட்டுகள் போவதைப் பார்த்தார். "இனிமே கணக்கு சர்க்கார்கிட்ட இருக்குடா" என்று என்னிடம் சொன்னார். அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் முக்கியமானது. தேர்வு எழுதி வந்த ஒரு கிராம நிர்வாக அலுவலர், யாருடைய மகனாக இருந்தாலும் சரி, என் அப்பாவை "வாங்க, உக்காருங்க" என்றார். அந்த நாற்காலியை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் ஊராட்சியில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. 1970 தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தலுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பதினாறு வருஷம் காத்திருந்தன. பரம்பரைப் பதவி போனதைக் கொண்டாடிய நாங்கள், தேர்ந்தெடுத்த பதவியும் இல்லாமல் கிடக்கிறதே என்று யோசிக்கவில்லை. யோசிக்க யாரும் சொல்லித் தரவும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமத்தில் இரண்டு அரசாங்கம் உண்டு. பட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வருவாய்த் துறை: வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், கோட்டாட்சியர் என்று மேலே போகும். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, வீட்டு வரி எல்லாம் ஊராட்சி: செயலர், பி.டி.ஓ. என்று மேலே போகும். இரண்டும் கடைசியில் கலெக்டரிடம் போய் முடியும். இவ்வளவு பெரிய வரிசையில், ஊருக்குள்ளேயே குடியிருந்து, எங்கள் ஓட்டில் வந்து, எங்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் ஊராட்சித் தலைவர்தான். அந்த ஒருவரைத்தான் திரும்பத் திரும்ப இல்லாமல் செய்கிறார்கள்.

கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்கு மேல் போனால் கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, இப்போது நீர்வளத் துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எங்களுடையது சின்னக் கண்மாய், ஒன்றியத்துடையது. அந்தக் காலத்தில் மடையைத் திறக்க நீர்ப்பாய்ச்சி இருந்தார். அறுவடைக்குக் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். கலுங்கில் கல் பெயர்ந்தால் ஊர் கூடி ஆள் அனுப்பும். இப்போது கல் பெயர்ந்தால் மதிப்பீடு தயாராக வேண்டும், தொழில்நுட்ப அனுமதி வேண்டும், நிர்வாக அனுமதி வேண்டும், வேலை உத்தரவு வேண்டும். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும், நான் அதை மறுக்கவில்லை. அந்தக் காகிதத்தோடு மேசை மேசையாக ஓட ஊரிலிருந்து ஒருவர் வேண்டும் என்கிறேன். தலைவர் இருந்தால் ஓடுவார். ஓடாவிட்டால் அடுத்த தேர்தலில் கேட்போம் என்பது அவருக்குத் தெரியும்.

1993இல் அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் அமலுக்கு வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை. ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லிவிட்டது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபரில் தேர்தல். பட்டியலினத்தாருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில் இட ஒதுக்கீடு.

அந்த ஒதுக்கீட்டுக்கு எங்கள் பக்கம் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. மேலவளவு எங்களுக்குத் தூரமில்லை. அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூன் 30இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள், அவரோடு வந்தவர்களில் சிலரையும் கொன்றார்கள். தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்து ஆண்டு தலைவர் தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. 2006இல்தான் நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவி அதிகாரமில்லாத பதவி, அதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரமில்லாத நாற்காலிக்காக யாரும் கொலை செய்வதில்லை.

2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீட்டு அறிவிப்பில் விதிகளைப் பின்பற்றவில்லை என்பது வழக்கு. முறைப்படி உடனே நடத்தியிருக்கலாம். மூன்று ஆண்டு இழுத்து, 2019 டிசம்பர் கடைசியில் இருபத்தேழு மாவட்டங்களுக்கு நடத்தினார்கள். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். அந்த இடைக்காலத்தில் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியத்தை டெல்லி நிறுத்திவைத்தது. தேர்தல் நடத்தாதது ஊர் செய்த குற்றமல்ல. ஆனாலும் தண்டத்தை ஊர்தான் கட்டியது.

2020 ஜனவரியில் எங்கள் ஊருக்குத் தலைவராக வந்தவர் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்தவர். முதல் கூட்டத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார். அது கொஞ்ச நாள்தான். ஒருமுறை வாய்க்கால் வேலைக்கான காகிதத்தை நீட்டியவரிடம் அந்தம்மா சொன்னதை நானே கேட்டேன்: "அண்ணே, எம்-புக்குல எம்புட்டு அளவு ஏத்திருக்காகன்னு பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாங்க, டேப்ப எடுத்துட்டு வாய்க்காலுக்குப் போவோம்." போய் அளந்தார்கள். துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும் என்பதால் அவரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது. அதையும் செய்தார். மோட்டார் எரிந்தால் ராத்திரி அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவர் வேலை கற்று முடித்தபோது, 2025 ஜனவரி 5இல் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் இல்லை. மறுபடியும் தலைவருக்குப் பதிலாகத் தனி அலுவலர்.

தனி அலுவலர் கெட்டவர் அல்ல. அவர் பி.டி.ஓ. ஒன்றியத்தில் இருக்கும் முப்பது, நாற்பது ஊராட்சிக்கும் அவர் ஒருவரே தலைவர், அவரே மன்றம். எந்த மனிதரால் முடியும்? அந்தக் குடியரசு தினக் கிராம சபைக்கு ஒரு பற்றாளர் வந்தார். ஊராட்சி செயலர் வரவு செலவை வாசித்தார். காலனித் தெருவிலிருந்து வந்த ஒரு ஆத்தா எழுந்து, "ஏப்பா, மேட்டுத்தெருக் குழாயில தண்ணி வந்து மூணு நாளாச்சு. யார்கிட்டச் சொல்ல?" என்று கேட்டார்.

"பி.டி.ஓ. சார்கிட்டச் சொல்றோம், ஆத்தா."

"அவருக்கு மேட்டுத்தெரு எதுன்னு தெரியுமா?"

செயலர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை.

மற்றதெல்லாம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது, அதை மனதாரச் சொல்கிறேன். கணக்கப்பிள்ளை பெட்டிக்குள் இருந்த சிட்டாவை என் அண்ணன் மகள் போனிலேயே எடுக்கிறாள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் காலத்தில் தவறாக ஏறிய பெயரைத் திருத்தத்தான் இன்னும் மனு மேல் மனு போடவேண்டியிருக்கிறது. கிராம சபைக்குத் தண்டோரா போட்டு ஊரைக் கூப்பிட்ட வழக்கத்தை 2022இல் அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஒரு சமூகத்தின் தோளிலேயே அந்தப் பறையை எத்தனை காலம் ஏற்றிவைத்திருந்தோம்! இப்போது வாட்ஸப்பில் செய்தி வருகிறது. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபை ஆறாகியிருக்கிறது. ஆக, கூட்டம் கூடிவிட்டது, கணக்கு கைக்கு வந்துவிட்டது, பெண்களுக்குப் பாதி இடம் சட்டத்தில் ஏறிவிட்டது. கேள்வி கேட்க மக்களும் பழகிவிட்டார்கள். கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் இடம் மட்டும் காலி.

எல்லை மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்கிறார்கள். காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கும் இதே காரணங்கள் வரலாம். ஆனால் காரணம் சொல்லிச் சட்டமன்றத் தேர்தலை மூன்று ஆண்டு தள்ளிவைக்க எந்த ஆட்சியாவது துணியுமா? கோட்டையில் தனி அலுவலர் உட்கார்ந்தால் தமிழ்நாடு பொறுக்குமா? நகரங்களும் இதற்குத் தப்பவில்லை. 1973இல் கலைத்த சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996இல்தான் தேர்தல் வந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. ஊருக்குள் ஓட்டு வாங்கிய ஒருவர் இருந்தால், எம்.எல்.ஏ.வுக்கும் அமைச்சருக்கும் அது இடைஞ்சல். ஊர்க்காரர்கள் நேரே தங்களிடம் வந்து நிற்பதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள் என்பது இத்தனை காலம் பார்த்ததில் நான் எடுத்த முடிவு.

அடுத்த கிராம சபைக்குத் தீர்மானம் ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். முன்னாள் தலைவரம்மாதான் வாசகம் சொன்னார். ஊராட்சித் தேர்தல் தேதியை உடனே அறிவிக்க வேண்டும், அதுவரை தனி அலுவலர் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து வரவு செலவைச் சபை முன் வைக்க வேண்டும், மேட்டுத்தெருக் குழாயை அவரே வந்து பார்க்க வேண்டும். பேசிவிட்டுக் கலைந்தால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பற்றாளரை வண்டியேற விடுவது என்று பேசியிருக்கிறோம்.