இறக்கைக்கு வழியுண்டு, இருக்கைக்கு இல்லை

சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கப் போகிறவனுக்குக் கார் தேவையில்லை. செர்மாட் என்ற மலையூருக்குள் பெற்றோல் கார் நுழையத் தடை. கோடீஸ்வரனும் கீழே காரை விட்டுவிட்டு ரயிலேறுவதுதான் வழக்கம். யுங்ஃப்ராவ் மலைப்பக்கம் 3,454 மீற்றர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பாறையைக் குடைந்து, பனிக்கட்டிக்கு நடுவே கொண்டுபோய் 1912இல் திறந்தார்கள். இன்றும் ஓடுகிறது. நேரத்துக்கு ஓடுகிறது.

மன்னாரில் குடையப் பாறையில்லை. சறுக்கப் பனியில்லை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தீவிலேயே உயரமான பொருள் காற்றாலை. நகரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர், தட்டையான ஒரே வீதி. இந்த வீதியில் பொழுதுபட்ட பிறகு பஸ் ஓட்டுவது எப்படி என்று இலங்கைக்கு இன்னும் பிடிபடவில்லை.

சூரிச்சிலிருந்தும் பேர்னிலிருந்தும் லீவுக்கு வரும் எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பனிமலை உச்சிக்கு ஒரே ரிக்கற்றில் போய் வந்தவர்கள். இங்கே வந்து, "அண்ணை, இராமர் அணை பார்க்க எப்பிடிப் போறது?" என்று கேட்பார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஹயர் பிடியுங்கோ." மன்னாரின் பொதுப் போக்குவரத்துக் கொள்கை முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பள்ளிமுனையில் பெருக்கமரம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை. திருக்கேதீஸ்வரம். மடு மாதா. ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்த வங்காலைச் சரணாலயம். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை; கடல் அதை ஆண்டுக்கு ஆண்டு தின்றுகொண்டிருக்கிறது. முழுவதும் விழுந்து முடிந்த பிறகு அரிப்புக்கு ஒழுங்கான பஸ் விடுவார்கள் என்று நம்புகிறோம். 2015இல் இராமர் அணைப் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கி வர்த்தமானியில் போட்டார்கள். வர்த்தமானியில் ஏறிப் போக முடியாது.

பூநாரைகள் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேர்கின்றன. அவை இலங்கைப் போக்குவரத்துச் சபையை நம்பிப் புறப்படுவதில்லை.

மன்னார் பஸ் நிலையத்தில் ஒரு பிற்பகல் நின்று பாருங்கள். நிழலில் கழுதைகள் நிற்கும். நிழல் எந்த நேரம் எந்தப் பக்கம் விழும் என்று அவற்றுக்குத் தெரியும். பஸ் எந்த நேரம் வரும் என்று மனிதருக்குத் தெரியாது. மீன்பெட்டியோடு ஒரு அக்கா, ரியூசன் புத்தகத்தோடு நாலு பிள்ளைகள், கிளினிக் கொப்பியோடு ஒரு ஐயா. அரச பஸ் போனால் தனியார் பஸ்ஸின் ஆட்கள் போய்விட்டார்கள் என்று சண்டை. தனியார் பஸ் முந்தினால் அரச பஸ்ஸின் நேரம் போய்விட்டது என்று சண்டை. இணைந்த நேர அட்டவணை என்று கூட்டம் போடுவார்கள். கூட்டத்துக்கு அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள். ஜீப்புக்கு அட்டவணை கிடையாது.

அந்த ஐயாவின் வயதுக்காரரிடம் கதை கொடுத்தால் இன்னொரு நாடு வெளியே வரும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டில் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. மதராஸ் எழும்பூரில் ரிக்கற் எடுத்தவன் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறி, தலைமன்னார் பியரில் கரையேறி, எதிரே நின்ற ரயிலில் குந்தி, கொழும்பு கோட்டையில் போய் இறங்கினான். ரயில், கப்பல், ரயில். ஒரே ரிக்கற். கார் இல்லை. வான் இல்லை. ஹயர் இல்லை. ஆண்டது வெள்ளைக்காரன். அவனுக்கு எங்கள்மேல் அன்பில்லை; தோட்டத்துக்குக் கூலியாள் வேண்டும், அவ்வளவுதான். எங்களை வெறுத்த அரசு விட்ட வண்டியை, எங்களை உறவு என்று மேடையில் அழைக்கும் அரசுகளால் விட முடியவில்லை.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகளின் தொடக்கம் வரை தட்டுத்தடுமாறி ஓடியது. பிறகு போர். 1990இல் ரயிலும் நின்றது. புயலையும் போரையும் குறை சொல்லலாம். அவை பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் போர் 2009இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது அத்தனையும் அறிவிப்பு.

2011 ஜனவரியில் கொழும்பு - தூத்துக்குடி, தலைமன்னார் - இராமேஸ்வரம் என இரண்டு கடல்வழிக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். தூத்துக்குடிக் கப்பல் ஜூனில் புறப்பட்டு நவம்பரில் நின்றது. தலைமன்னார்க் கப்பல் அதைவிடச் சிக்கனமானது. புறப்படவே இல்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலுக்குக் கொடி அசைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் நின்று, மறு ஆண்டு ஓகஸ்டில்தான் திரும்பவும் வந்தது. நடுவே கடலுக்கு மேலால் தரைவழிப் பாலம் என்று ஒரு பேச்சு. 2002இல் பேசினார்கள். 2023இல் பேசினார்கள். ஆட்சி மாறும், ஆள் மாறும், பாலம் மாறாது. பேசாலைக்குப் பின்னேர பஸ் கேட்டவனுக்கு இந்தியாவுக்குப் பாலம் காட்டுகிற தாராளம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

ஒழுங்காகத் திறந்தது ரயில் பாதை ஒன்று. 2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாருக்கே வந்து கொடி அசைத்தார். இந்தியக் கடன், இந்திய நிறுவனத்தின் வேலை. நன்றி. அந்த ரயில் பியரில் கடல் விளிம்புவரை கொண்டுபோய் இறக்கிவிடும். அத்தோடு கதை முடிந்தது. எதிரே கப்பல் இல்லை. வெளியே ஓட்டோ நிற்கும், நின்றால். ஒரு நாளைக்கு எத்தனை ரயில் என்று எண்ண ஒரு கையே மிச்சம்.

பத்து வருடம் கழித்து, 2025 ஏப்ரல் 6இல், அதே பிரதமர் அனுராதபுரத்திலிருந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறக்கப் பறந்தார். வழியில் வானத்திலிருந்தே இராமர் அணையைத் தரிசித்ததாகப் பரவசத்தோடு எழுதினார். பொய்யில்லை. காரில்லாமல் இராமர் அணையைப் பார்க்கச் சிறந்த வழி அதுதான். நாட்டின் பிரதமராக இருந்தால் போதும்.

பிரதமராக இல்லாதவர்களுக்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று நீச்சல். 2022 மார்ச்சில் 13 வயது மும்பைச் சிறுமி ஒருத்தி தலைமன்னாரில் குதித்து 13 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் நீந்தித் தனுஷ்கோடியில் கரையேறினாள். அவளுக்கு எங்கள் முழு மரியாதை. இந்தக் கடலைக் கடக்கும் பயணிகள் சேவையில் ஓரளவு நம்பத்தக்கது நீச்சல் ஒன்றுதான்.

மற்றது கள்ளப்படகு. அதே மார்ச்சில், சில நாள் வித்தியாசத்தில், பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் நாடு வரிசையில் நின்றபோது, மன்னார்க் கரையிலிருந்து குடும்பங்கள் கைக்குழந்தையோடு படகேறின. ஒரு படகுக்காரன் தன்னோடு வந்தவர்களை மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். இந்தியக் கடலோரக் காவல் படை வந்து மீட்டது. சுற்றுலாத் துறை விளம்பரப்படுத்தும் அதே இராமர் அணையின் மணல்திட்டுகளில் ஒன்று. குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத திட்டு. வழிகாட்டி இல்லாமல், ரிக்கற் இல்லாமல், எதிர்காலம் இல்லாமல் அவர்கள் பார்த்த இராமர் அணையை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் போடமாட்டார்கள்.

ரயிலும் பஸ்ஸும் மன்னாரில் சந்திப்பதே இல்லை என்று சொன்னால் பிழை. சந்தித்தன. 2021 மார்ச்சில், தலைமன்னார் பியர்க் கடவையில். பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு மாணவன் செத்தான். பலர் காயப்பட்டார்கள். பாதை போடக் கோடி கோடியாகக் கடன் வாங்கினோம். கொடி அசைக்க ஒரு பிரதமரைக் கூப்பிட்டோம். கடவையில் நின்று ஒழுங்காகக் கொடி காட்ட ஒரு ஆளைத்தான் எங்களால் தேட முடியவில்லை.

காசில்லை என்பார்கள். மத்தளையில் 209 மில்லியன் டொலருக்கு ஒரு சர்வதேச விமான நிலையம் கட்டி 2013இல் திறந்தார்கள். விமானம் பெரிதாக வரவில்லை. 2015இல் அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். நெல்லுக்குச் சர்வதேச நிலையம் கட்ட இருந்த காசு, மனிதனுக்கு ஒரு மாலை பஸ் விட இல்லாமல் போனது. 2020இல் மூடிய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். காரில்லாதவன் மகிழலாம். முன்பு வாங்க அனுமதியில்லை. இப்போது அனுமதி இருக்கிறது, விலையைக் கேட்டால் மூச்சு இல்லை.

வீதி சரியில்லை என்றும் சொல்வார்கள். அதற்குப் பதில் எங்களுக்குத் தெரியும்.

2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் திறந்தது. அந்த விசிறியின் இறக்கை ஒன்று 60 மீற்றர் அளவு நீளம். இரண்டு பஸ் அல்ல, நாலைந்து பஸ்ஸை வரிசையாக நிறுத்தும் நீளம். வந்தது. தீவுப் பாலம் தாண்டி, வளைவு திரும்பி, வீட்டு வாசல் கடந்து வந்தது. இன்னும் காற்றாலை வேண்டாம், வெள்ளம் நிற்கிறது, கடற்தொழில் போகிறது என்று 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். மாதம் கழிந்தது. செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு காற்றாலைப் பாகங்கள் ஊருக்குள் வந்தன. மறித்து நின்ற மக்களைப் பொலிஸார் அடித்து விலக்கினார்கள்.

அடி வாங்கிய ஊருக்கு அன்று ஒரு உண்மை விளங்கியது. இரவில் மன்னாருக்கு வாகனம் வரும். வீதி தாங்கும். பாலம் தாங்கும். வளைவு இடம் கொடுக்கும். முன்னும் பின்னும் பாதுகாப்புக் கிடைக்கும். சாரதிக்கு மேலதிக நேரச் சம்பளமும் கிடைக்கும். அரசுக்குத் தேவைப்பட்டால் நடுச்சாமத்திலும் அட்டவணை தயாராகும்.

ஆகவே காரணம் வீதியில்லை, காசில்லை, புயலில்லை, போரில்லை. அந்த பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் நாங்கள். காரணம் அதுதான்.

பாலம் கேட்கவில்லை. விமான நிலையம் கேட்கவில்லை. பனிமலை ரயில் கேட்கவில்லை. ரயில் வரும் நேரத்துக்குப் பியரில் ஒரு பஸ். கடைசி நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் வரை பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் ஒரு பஸ். கடவைக்கு ஒரு ஆள். அதுவும் முடியாதென்றால் ஒரு யோசனை சொல்கிறோம். அடுத்த முறை இரவோடிரவாக இறக்கை கொண்டுவரும்போது பின்னால் ஒரு பஸ்ஸைக் கொழுவி இழுத்து வாருங்கள். பொலிஸ் வேண்டாம். நாங்கள் மறிக்கமாட்டோம். கை காட்டுவோம்; நிறுத்துங்கள்.