நீலம் பூசிய விமானங்கள்

விமானப் புளூபிரிண்ட் அச்சு என்பது, ஒரு விமானத்தை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகக் காட்டும் பெரிய தாள். இதை வைத்து விமானம் கட்ட முடியாது. வாங்குபவருக்கும் அந்த உத்தேசம் இல்லாததால், இது பற்றிப் புகார் வருவதில்லை. புகார் வரும் திசையே வேறு.

முதலில் நீலம். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நகல் முறையிலிருந்து வந்த நிறம் இது. இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் மூலப் படத்தை வைத்து வெயில் காட்டுவார்கள். வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும். கோட்டின் நிழலில் இருந்த பூச்சு தண்ணீரில் அலசும்போது கரைந்துபோய் வெள்ளையாகத் தெரியும். அழகாக இருக்கட்டும் என்று எவரும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மலிவாக இருந்தது, அவ்வளவுதான். பின்னர் அம்மோனியா நெடி வீசும் டயசோ நகல்கள் வந்தன. அவற்றில் தாள் வெள்ளை, கோடுதான் கருநீலம். அதற்கும் பிறகு கணினி வந்தது. 1994-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 முழுக்கக் கணினியிலேயே வடிவமைக்கப்பட்டது. வெயிலில் காய வைத்த புளூபிரிண்ட் அதற்கு இருக்க வழியே இல்லை. ஆனால் சுவரில் மாட்ட வேண்டும் என்றால் 777-உம் நீலமாகத்தான் வந்தாக வேண்டும்.

இத்தொழிலின் மூலப்பொருள்களில் முக்கியமானது பழைய காப்புரிமைப் படம். ரைட் சகோதரர்களின் அமெரிக்கக் காப்புரிமை, எண் 8,21,393, 1906 மே 22 அன்று வழங்கப்பட்டது. காப்புரிமை அலுவலகம் கேட்டது வெள்ளைத் தாளில் கறுப்பு மை. ஆக அந்தப் படம் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நீலமாக இருந்ததில்லை. விற்பவர் கணினியில் நிறங்களைத் தலைகீழாக்குகிறார். ஒரே நொடியில் ஹெர்ஷல் காலத்துப் பழமை வந்துவிடுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சகோதரர்கள் விண்ணப்பித்தது 1903 மார்ச்சில். என்ஜின் வைத்துப் பறந்தது அந்த ஆண்டு டிசம்பர் 17-இல். அதனால் படத்தில் இருப்பது என்ஜினே இல்லாத கிளைடர். வரலாற்றின் முதல் விமானம் என்று சட்டம் போட்டு மாட்டியவர், விருந்தாளி யாராவது "இதில் என்ஜின் எங்கே?" என்று கேட்கும் வரை நிம்மதியாக இருக்கலாம்.

அன்று சூரியன் இலவசமாகக் கொடுத்த நீலத்தை இன்று மைக் குப்பிகளில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஏ1 தாளின் ஏறக்குறைய முழுப் பரப்பும் நீலம். கோடுகளுக்கோ ஒரு சொட்டு மைகூட வேண்டாம், தாளின் வெள்ளையே போதும். கடைக்காரர் விற்பது விமானம் போடாத இடத்தை என்று சொன்னாலும் தவறில்லை. அடர்நீலத்தில் விரல் ரேகை பளிச்சென்று பதிவதால், பார்சல் கட்டுபவர் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, மேலே மெல்லிய தாளை விரித்து, குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல் சுற்றுகிறார். வட்டக் குழாய் மேசையிலிருந்து உருண்டோடும் என்பதால் முக்கோண அட்டைப் பெட்டி மேல்.

அளவு விகிதமும் சோதிக்கும். மாடல் விமானக்காரர்களுக்குப் பழகிய 1:72 விகிதத்தில், 59.6 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட தொடக்ககால 747 தாளில் 828 மில்லிமீட்டர் ஆகிறது. ஏ1 தாளின் நீளம் 841. இறக்கை நுனிக்கு அப்பால் இரு புறமும் ஆறரை மில்லிமீட்டர்தான் மிச்சம். அதே விகிதத்தில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் பதினைந்தரை சென்டிமீட்டர். பெரிய நீலக் குளத்தில் விழுந்த தட்டான்.

இனி வாங்குபவர். இவர்களில் ஒரு பிரிவினரை ஆங்கிலம் பேசும் நாடுகளில் ரிவெட் எண்ணுபவர்கள் என்பார்கள். பெயர் கேலிதான், ஆனால் அவர்கள் உண்மையிலேயே எண்ணுவார்கள். பார்வைக்கு ஸ்பிட்ஃபயர் இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் தொடக்க ரகங்களில் வலது இறக்கைக்கு அடியில் ரேடியேட்டர், இடது இறக்கைக்கு அடியில் அதைவிட ஒல்லியான எண்ணெய்க் குளிர்விப்பான். விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம். சோம்பேறி ஓவியர் பாதி விமானத்தை வரைந்து மறுபாதிக்குக் கண்ணாடிப் பிம்பத்தை ஒட்டினால், பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே கடிதம் வரும். புரொப்பெல்லரிலும் வழுக்கிவிழ இடமுண்டு. விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் மெர்லின் என்ஜின் அதை வலஞ்சுழியாகச் சுற்றும், பின்னால் வந்த கிரிஃபன் இடஞ்சுழியாக. அலகின் சாய்வைப் பார்த்தே எந்த என்ஜின் என்று சொல்லிவிடுவார்கள். இவ்வளவு கூர்மையான கண்கள், 1906-ஆம் ஆண்டுக் கறுப்பு மைப் படம் நீலமாக வந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்பது சுங்கத்துறைதான். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சரக்குப் பட்டியலில், கையால் வரைந்த பொறியியல் படங்களும், ஒளியுணர் தாளில் எடுத்த அவற்றின் நகல்களும் 4906 என்ற தலைப்பில் வருகின்றன. அச்சிட்ட படங்களுக்கு 4911. அசல் புளூபிரிண்ட் முதலாவதில் சேரும், கடையில் விற்பது இரண்டாவதில். பெட்டியின் மேல் பெருமையாகப் 'புளூபிரிண்ட்' என்று எழுதிவிட்டு, படிவத்தில் 4911 என்று அடக்கமாகக் குறிப்பதே முறை.

வந்த தாள் சுருண்டபடியே இருக்கும். விரித்து நான்கு மூலைகளிலும் தடித்த புத்தகங்களை வைத்து இரண்டு நாள் விட வேண்டும். ஒரு மூலைப் புத்தகத்தை யாரேனும் படிக்க எடுத்தால் அந்த இறக்கை மேலெழும்பும். அமெரிக்க வாசிக்கு அதன் பிறகும் ஒரு வேலை பாக்கி. ஏ1 என்பது 594-க்கு 841 மில்லிமீட்டர். அவர் ஊர்க் கடையில் கிடைக்கும் சட்டம் 24-க்கு 36 அங்குலம். உள்ளே வைத்தால் பக்கங்களில் எட்டு மில்லிமீட்டரும், மேலும் கீழும் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேலும் இடைவெளி விழும். அதை அடைக்க நீல அட்டை தேடிப் போகிறார். இருக்கும் நீலங்களில் எதுவும் பொருந்துவதில்லை.