தாளிப்பும் வெளியேற்றமும்: வளாகக் குடியிருப்பில் புகை அலாரத்தின் சமூகப் பணி

அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில், இளநிலை மாணவர் விடுதிகளுக்குச் சற்றுத் தள்ளி, சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட்கள் உண்டு. அங்கு வாழ்பவர் பெரும்பாலும் முப்பதை நெருங்கியவர் அல்லது கடந்தவர். சிலருக்குக் குழந்தை உண்டு; பலருக்கு முடியாத ஆய்வேடு உண்டு.

இந்த ஏற்பாடு பெருகக் காரணம் 1944ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டம். அரசு செலவில் படிக்க வந்த போர்வீரர்கள் மனைவி மக்களோடு வந்து இறங்கவே, பல்கலைக்கழகங்கள் டிரெய்லர்களையும் அரைவட்டத் தகரக் கொட்டகைகளையும் போட்டுச் சமாளித்தன. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாமெல் கோர்ட் அப்படி எழுந்ததே. (சென்னைப் பம்மலோடு இதை முடிச்சுப் போடுவாரை யாம் ஏற்பதற்கில்லை.)

கொட்டகை போய் மாடி வந்தது. கூரையில் புகை அலாரமும் வந்தது. இக்கருவியின் ஒரு வகைக்குள் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்க ஐசோடோப் துளியளவு உண்டு. அது காற்றை அயனியாக்குவதால் மெல்லிய மின்னோட்டம் ஓடும். புகை நுழைந்தால் ஓட்டம் குறையும், அலாரம் அலறும். வீடு எரிகிறதா, வரமிளகாய் தாளிக்கிறார்களா என்ற பேதம் அதற்குத் தெரியாது. அமெரிசியத்தின் அரை ஆயுள் சுமார் 432 ஆண்டு. முனைவர் பட்டம் அதற்குமுன் கிடைத்துவிடும் என்பது நெறியாளர்கள் கருத்து.

முதலாண்டு மாணவர் அடுப்பை அணைக்காமல் அலாரத்துக்கு அடியில் துண்டை வீசுவார். மூன்றாமாண்டில் ஜன்னலைத் திறந்துவைத்து, மூடியைக் கேடயமாகப் பிடித்துத் தாளிப்பார். ஐந்தாமாண்டில் தாளிப்பதே இல்லை. தயிரும் ஊறுகாயும் போதும். அலாரத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது விதிமீறல். ஆகவே அதை யாரும் செய்வதில்லை. பை மட்டும் அடுக்களை இழுப்பறையில் தயாராக இருக்கும்.

இனி நம் கருதுகோள்: இக்குடியிருப்பில் அண்டை வீட்டாரை அறிமுகம் செய்துவைக்கும் ஒரே அமைப்பு இந்த அலாரம்தான். நிர்வாகம் நடத்தும் காபி விருந்துக்கு வராதவரெல்லாம், கட்டடம் முழுக்க மணி அடித்தால் ஜனவரிப் பனியில் ஹவாய் செருப்போடு வந்து நிற்பார்கள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் லேப்டாப். சுவருக்கு அப்பால் இருமுபவர் கொரியர் என்பது தஞ்சாவூர்க்காரருக்கு அப்போதுதான் தெரியவரும். தினமும் என்ன வறுக்கிறார்கள் என்பது கொரியருக்கும் தெரியவரும்.

தீயணைப்பு வண்டி வந்ததும் குற்றவாளியை இனங்காண ஒரு முறை உண்டு. எல்லோருக்கும் கடைசியாக இறங்கி வந்து, “யார் வீட்டுலங்க?” என்று உரக்கக் கேட்பவர் கையைப் பாருங்கள். தாளிப்புக் கரண்டி இருக்கும்.