கிளம்பாத சுமோவுக்குக் கைவைத்தியம்

ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில் மார்கழிக் காலை. பக்கத்துப் படான்செருவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வாசலில் உங்கள் பழைய டாடா சுமோ. வீட்டோடு எல்லாரும் லிங்கம்பள்ளி ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும். சாவியைத் திருப்புகிறீர்கள், 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கவலை வேண்டாம். கீழே உள்ளதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை.

1. ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருக்காதீர்கள். 1994-ல் வந்த இந்த வண்டியின் பழைய டீசல் இன்ஜினுக்கு, குளிரில் பிடிக்க ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும். அதற்குச் சில நொடிதான். அதை மிச்சம் பிடியுங்கள். பின்னால் அரைமணியாகச் செலவழிக்கலாம்.

2. செல்ஃபை விடாமல் அடியுங்கள். பத்து நொடி அடித்தால் அரை நிமிடம் ஆறவிட வேண்டுமாம். உங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிறது. கருகின வாசனை வந்தால் மோட்டார் உழைக்கிறது என்று அர்த்தம்.

3. சத்தத்தைக் காதில் வாங்காதீர்கள். வெறும் 'டக் டக்' என்றால் கரன்ட் போதவில்லை. விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்காவிட்டால் டீசல் வரவில்லை. இது தெரிந்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும், சுவாரசியம் போய்விடும். எஃப்.எம்.மைச் சத்தமாக வையுங்கள். அதுவும் அதே பேட்டரியில்தான் ஓடும், நல்லது.

4. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். இந்த ஊரின் பெருமையே இதுதான். பெல் (BHEL) ஆலையில் டர்பைன் செய்து ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர்! "ஏமைந்தண்டி?" (என்ன ஆச்சுங்க?) என்று ஒருவர் வருவார். கம்ப்ரஷன் போய்விட்டது என்பார். திருச்சி பாய்லர் பிளான்ட்டிலிருந்து மாற்றலாகி வந்த மாமா, பம்பில் பிரஷர் இல்லை என்பார். இருவரும் மெகாவாட் கணக்கில் யோசிப்பவர்கள். 12 வோல்ட் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. காபி கொடுத்து வாதத்தை வளர்த்துவிடுங்கள்.

5. பேட்டரி டெர்மினலை மட்டும் யாரும் தொட வேண்டாம். அதன்மேல் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கும். கிளாம்ப்பைக் கையால் திருகினாலே ஆடும். பார்க்க அழகாக இருக்கிறது, விட்டுவிடுங்கள். நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்குங்கள். அதே உப்பு கிளாம்ப்பை அதில் மாட்டுங்கள். 'டக்.'

6. இனி தள்ளுங்கள். செகண்ட் கியர் போட்டால்தான் சுலபமாகப் பிடிக்கும். நீங்கள் ஃபர்ஸ்ட்டிலேயே போடுங்கள், தள்ளுகிறவர்கள் மூக்கை இடித்துக்கொள்ளட்டும். அதுவும் போதாவிட்டால் லாரியில் கயிறு கட்டி மும்பை ஹைவேயில் இழுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு வேக்குவம் கிடையாது; பெடல் கல்லாகக் கிடக்கும். முன்னால் இருப்பது லாரிதானே.

7. டீசலை எப்போதும் ரிசர்வில் ஓட்டுங்கள். டேங்கில் காலி இடம் கூடினால் ஈரம் சேரும், தண்ணீர் அடியில் தங்கும், துரு பிடிக்கும். ஃபில்டரின் அடியில் அந்தத் தண்ணீரை வடிக்கவே ஒரு திருகு இருக்கிறது. மறந்துவிடுங்கள். டீசல் அறவே தீர்ந்து ஏர் லாக் ஆனால், ஹேண்ட் பம்ப்பை இரண்டு தடவை மரியாதைக்கு அமுக்குங்கள். குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுவதெல்லாம் பொறுமைசாலிகள் வேலை.

8. எப்படியோ பிடித்துவிட்டதா? ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உதறி அணைந்துவிடுகிறது. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றுங்கள். உதறலுக்குக் காரணம் டீசல் லைனில் காற்று இழுப்பதா, அடைத்த ஃபில்டரா என்று தேடக் கூடாது. சத்தம் கூடினால் உதறல் அதில் அமுங்கிவிடும். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பார்க்காதீர்கள், கண்ணாடியை ஏற்றுங்கள்.

9. கடைசியாக மெக்கானிக் உஸ்தாதைக் கூப்பிடுங்கள். இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்பதை அவரிடம் மறைத்துவிடுங்கள். அவர் முதலில் மைனஸைக் கழற்றுவார், வெந்நீர் ஊற்றுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், மைனஸைக் கடைசியில் மாட்டி இறுக்குவார். வண்டி ஒரே அடியில் பிடிக்கும். உடனே பேரத்தை ஆரம்பியுங்கள்: "ரெண்டு நட்டு முடுக்கினதுக்கா இவ்வளவு?" புது பேட்டரி விலையைப் பற்றி மட்டும் வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.