கூட்டுப் பட்டாவில் கிணறு

கேள்வி: மேட்லாப்பில் 'பி = ஏ' என்று எழுதினேன். 'பி'யை மட்டும் என் சி நிரலுக்கு அனுப்பி முதல் எண்ணை மாற்றினேன். கூடவே 'ஏ'வும் மாறிவிட்டது! கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டதா?

பதில்: பேய்க்கு வேறு வேலை இருக்கிறது. இது மேட்லாப்பின் சிக்கனம். ஏ-யில் 10 லட்சம் எண்கள் இருந்தால், நகலுக்கு இன்னொரு 80 லட்சம் பைட் வேண்டும். வீண் செலவு எதற்கு என்று இரண்டு பெயருக்கும் கூட்டுப் பட்டா போட்டுவிடும். மேட்லாப்புக்குள்ளேயே 'பி'யை மாற்றியிருந்தால், உடனே தனி நகல் பிரித்துக் கொடுத்திருக்கும். உங்கள் சி நிரலோ மெக்ஸ் என்ற இணைப்பு வழியாக நுழைந்து, முகவரியைக் கையில் வாங்கி, யாரையும் கேட்காமல் கிணறு வெட்டிவிட்டது. பங்காளி சும்மா இருப்பாரா?

உள்ளே வரும் மாறிகளுக்கு 'கான்ஸ்ட்' என்று போட்டிருப்பது அழகுக்காக அல்ல, 'மாற்றாதே' என்று சொல்லத்தான். 'எம்எக்ஸ்டூப்ளிகேட்அரே'யால் நகல் எடுத்து, அதை மாற்றி, விடையாகத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: அப்படியே செய்தேன். இப்போது வேறொரு கட்டத்தின் எண் மாறுகிறதே?

பதில்: மேட்லாப் எண்களை நெடுவரிசையாக அடுக்கும். 1970-களின் இறுதியில் கிளீவ் மோலர் அதை ஃபோர்ட்ரானில் எழுதியபோதே ஒட்டிக்கொண்ட பழக்கம். சி-க்குக் கிடைவரிசைதான் பிடிக்கும். போதாததற்கு, மேட்லாப் 1-லிருந்து எண்ணும், சி 0-விலிருந்து. 3 வரிசை கொண்ட மேட்ரிக்ஸில் மேட்லாப்பின் (1,2), சி நிரலுக்கு [3]. இருவருக்கும் நடுவே கணக்குப் பார்ப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்!