பிணை கேட்காத தர்மவான்கள்

ஏழை வாசலுக்கு வட்டிக்காசு கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்தால் அவன் கந்துவட்டிக்காரன். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வந்தால் அது சமூகத் தொழில்முனைவு. முன்னவனைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. பின்னவருக்கு விருது கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிறோம்.

நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், பிணையே வேண்டாம் என்றுதான் இந்த நுண்கடன் கம்பெனிக்காரர்கள் பெண்களுக்குக் குழு லோன் கொடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு! சரி, எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரியை நம்பி. ஒருத்தியால் டியூ கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை மீட்டிங்கிலிருந்து ஒருத்தியும் எழுந்து போகக் கூடாது. அடுப்பில் உலை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, நூறு நாள் வேலை எல்லாம் காத்துக் கிடக்கட்டும். நேற்றுவரை ஒரு கரண்டி எண்ணெய் கைமாற்று வாங்கிய வீட்டு வாசலில் இன்று நாலு பேராய்ப் போய் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். வசூலுக்கென்று தனியாக அடியாள் வைக்கவில்லை, தெருவையே அடியாளாக்கிவிட்டார்கள். அதற்குச் சம்பளமும் கிடையாது.

ஆந்திராவில் இந்தக் கூத்து முழுசாக நடந்து முடிந்தது. 2006இலேயே கிருஷ்ணா மாவட்டத்தில் வசூல் கொடுமை என்று புகார் எழுந்து, இந்தக் கம்பெனிகளின் சுமார் 50 கிளைகளை அரசு பூட்டியது. (அதே ஆண்டுதான் நுண்கடனை உலகறியச் செய்த முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு. பூட்டிய சத்தம் கைதட்டலில் கேட்கவில்லை போலும்.) தொண்டு நிறுவனமாகப் பிறந்து, 2005இல் லாபக் கம்பெனியாக மாறிய எஸ்.கே.எஸ். என்ற நுண்கடன் நிறுவனம், 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் ஏறியது. பங்கு ஒன்று 985 ரூபாய். விண்ணப்பங்கள் 13 மடங்குக்கு மேல் குவிந்தன. திரண்டது 1,600 கோடிக்கு மேல். ஏழ்மையை ஒழிக்கக் கிளம்பியவர்களின் ஏழ்மை ஒழிந்தது. அதே ஆண்டு ஆந்திரக் கிராமங்களிலிருந்து, கடன் கட்ட முடியாமல் மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் வரிசையாக வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது.

ஒரு ஊர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கம்பெனிகளிடம் இருப்பது ஒரே அளவுகோல்: 99 சதவீதம் பேர் தவணை தவறாமல் கட்டுகிறார்கள், ஆகவே 99 சதவீதம் பேர் சுகம். ஆட்டை விற்றுக் கட்டினாளா, அடுத்த கம்பெனியில் வாங்கி இதில் கட்டினாளா, மகளின் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிக் கட்டினாளா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆண்டறிக்கை அட்டையில் எருமையோடு ஒரு பெண் சிரிக்கிறாள். எருமை இன்னும் அவளிடம்தான் இருக்கிறதா?

ஆந்திராவின் அவசரச் சட்டம், வாரத் தவணையை மாதத் தவணையாக்கியது. வசூலை வீட்டு வாசலில் வைக்காமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது. அவ்வளவுதான், 99 இருந்த வசூல் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு விழுந்தது. அரசியல்வாதிகள் தூண்டிவிட்டார்கள் என்று கம்பெனிகள் அழுதன. தூண்டியிருப்பார்கள், ஓட்டு வாங்குகிறவர்கள்தானே. ஆனால் வாசலில் உட்கார ஆளில்லை என்றதும் பத்தில் ஒன்பது காணாமல் போகிறது என்றால், அதுவரை தவணையைக் கட்டியது முன்னேற்றமா, பயமா?

பிறகு இதை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு வந்தது. வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு வந்தது. 2022இல் ரிசர்வ் வங்கி வட்டி வரம்பையும் எடுத்துவிட்டது. போட்டி வந்தால் வட்டி தானாகக் குறையுமாம். ஒரே தெருவில் ஐந்து கம்பெனி போட்டி போட்டால் ஒரே வீட்டில் ஐந்து கடன் சேரும். ஆந்திரா அதைத்தான் காட்டியது. இன்று குழு லோன் மிக அதிகமாகப் புழங்கும் மாநிலங்களில் பீகாரோடு தமிழ்நாடும் முன்வரிசையில் நிற்கிறது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க நம் சட்டமன்றம் 2025இல் சட்டம் நிறைவேற்றியது. பரவாயில்லை, பதினைந்து வருடம்தானே தாமதம்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைத்து வசூல் கேட்கக் கூடாது. மிரட்டுவதும், உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்வதும் தடை செய்யப்பட்ட வசூல் முறைகள். உங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்கு நாலு பெண்களை உட்கார வைத்திருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். போனில் படம் எடுங்கள், கலெக்டருக்கு எழுதிக் கொடுங்கள்.